கவுன்சிலர் வீடு இதுதான்

யாரு? கவுன்சிலரா? ஆமா தம்பி, கவுன்சிலர் வீடு இதுதான். வாங்க, வாங்க. வாங்கன்னு வாய்தான் சொல்லுது, கேட்டைத் திறக்க முடியாது. சாவி வீட்டம்மாகிட்ட இருக்குது. அந்தச் சேரை இப்படி கிரில்கிட்ட இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கால் கொஞ்சம் ஆடும், சாஞ்சு உக்காராதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா? பாட்டில் கம்பிக்கு நடுவுல வந்துடும். டம்ளர்தான் வராது. அதனால வர்றவங்களுக்கெல்லாம் பாட்டில்தான்.

என்ன, பூட்டைப் பாக்கறீங்களா? நான்தான் பூட்டிட்டுப் போன்னு சொன்னேன். மன்றத்துல முக்கியமான கூட்டம் நடக்கிற அன்னிக்கு மட்டும் இப்படி. பாதுகாப்பு. எதிர்வீட்டுல அவரைக்கா உரிச்சிட்டு உக்காந்திருக்கு பாருங்க, பாக்கியம், அதுகிட்ட இன்னொரு சாவி இருக்குது. தீப்பிடிச்சா திறக்கலாம். கட்சிக்காரங்க வந்தா திறக்கக் கூடாது. அதான் உத்தரவு.

ஏ பாக்கியம்! இவரு கட்சி இல்ல, மனு! மனு குடுக்க வந்திருக்காரு!

பாருங்க, நம்ப மாட்டேங்குது. உங்க வெள்ளைச் சட்டையைப் பாத்துட்டு மொறைக்குது.

சொல்லுங்க, என்ன விஷயம்? தெருவிளக்கா, சாக்கடையா, பிறப்புச் சான்றிதழா? என்கிட்ட சொன்னாலும் அவகிட்ட சொன்னாலும் ஒண்ணுதான். அம்மாகிட்டதான் நேர்ல பேசணுமா? சரி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்ப இருந்து பாத்துட்டுப் போங்க. மத்தியானம் கூட்டம், இன்னிக்கு மேயர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருது, பேப்பர்ல பாத்திருப்பீங்க. அதுக்கு முன்னாடி ஒருதரம் வீட்டுக்கு வந்தாலும் வருவா, வராம நேரா மன்றத்துக்குப் போனாலும் போவா. என்கிட்ட சொல்றதில்ல. சொல்லக் கூடாதுன்னு இல்ல, மறந்துடுறா.

போன் அடிக்குதே, எடுங்க. பரவாயில்லையா? சரி.

நானா? வேதாசலம். அந்தச் சுவத்துல பாருங்க, இன்னும் அழியல. மேல சின்னதா 'குமுதவல்லி'ன்னு இருக்குதா, கீழ ஆளுயரத்துக்கு 'வேதாசலம்'னு இருக்குதா? ரெண்டும் ஒரே நாள்ல எழுதினது இல்ல. அது ஒரு கதை. உங்களுக்கு நேரம் இருக்குதில்ல? எனக்கு நிறைய இருக்குது.

ஆட்சி கவுந்துச்சே, ஞாபகம் இருக்குதா? காலையில ஒரு முதலமைச்சர், சாயங்காலம் வேற ஒருத்தர். கட்சி நட்டநடுவுல பொளந்துச்சு. எங்க வட்டத்துல கொடிக்கம்பம் ஒண்ணுதான். அதுலயே ரெண்டு அணியும் கொடி ஏத்துச்சு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. தினம் காலையில யாரு மேலன்னு ஒரு சண்டை. அந்தக் குழப்பத்துல பட்டணத்து மாநகராட்சி மன்றத்தையும் கலைச்சுட்டாங்க. கோர்ட்டு, உடனே தேர்தல் நடத்துன்னு சொல்லிடுச்சு. திடீர் தேர்தல். அவனவனுக்கு வேட்டி துவைச்சுக் காயப்போடக் கூட நேரமில்ல.

எனக்கு அது பிரச்சனை இல்ல. நான் முப்பது வருஷமா துவைச்சுக் காயப்போட்டு ரெடியா இருக்கிறவன். பகல்ல லேத்துப் பட்டறை, சாயங்காலம் நைட் ஸ்கூல், அதுக்கப்புறம் பசை வாளியைத் தூக்கிட்டு போஸ்டர் ஒட்டப் போறது. அப்படிப் படிச்சு பத்தாவது பாஸ் பண்ணவன். மாநகராட்சிச் சட்டத்தை முழுசாப் படிச்சிருக்கேன் தம்பி. கவுன்சிலருங்களுக்கே தெரியாத பிரிவெல்லாம் எனக்குத் தெரியும். வட்டச் செயலாளரா எத்தனை பேரை ஜெயிக்க வச்சேன்! இந்தத் தடவை சீட்டு எனக்குன்னு பகுதிச் செயலாளர் பரந்தாமன் வாய் விட்டுச் சொல்லிட்டாரு. மறுநாளே சுவத்துல எழுதிட்டோம். 'உங்கள் வேட்பாளர் வேதாசலம்.'

பெயிண்ட் காயல. டீக்கடையில பேப்பர் படிச்சிட்டிருந்த ஒருத்தன் தலையைத் தூக்கிப் பாத்துட்டு சொல்றான், "அண்ணே, உங்க வார்டைப் பெண்கள் வார்டா மாத்திட்டாங்க."

நான் டீயைக் கீழ வைக்கல, ஒண்ணும் பண்ணல. குடிச்சு முடிச்சேன். சக்கரை இருந்துச்சான்னு கேட்டா தெரியாது.

பரந்தாமன்கிட்ட ஓடினேன். அவரு சிரிக்கிறாரு. "இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வர்ற? வீட்டம்மாவை நிறுத்துய்யா. பேரு அவங்களுது, வேலை உன்னுது. பட்டணம் பூரா அப்படித்தானே நடக்குது? நான் கவுன்சிலருக்குப் போன் பண்ணா எந்த வார்டுலயாவது பொம்பளை எடுத்திருக்கா?"

நியாயம்தான்னு தோணுச்சு. நியாயம்தானே?

வீட்டுக்கு வந்தேன். குமுதவல்லி தையல் மிஷின்ல உக்காந்திருக்கா. ஜாக்கெட்டு தைக்கிறவ. இந்த வார்டுல பாதிப் பொம்பளைங்க போட்டிருக்கிறது அவ தச்சதுதான். விஷயத்தைச் சொன்னேன். பல்லால நூலைக் கடிச்சு அத்துட்டு என்னைப் பாத்தா. "தீபாவளி ஆர்டர் மலை மாதிரி கிடக்குது. இதுல எனக்கு என்ன வேலை இருக்கும்?"

"ஒரு வேலையும் இல்ல. கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"அப்ப சரி"ன்னா. அவ்வளவுதான். இப்ப அதைச் சொல்லிக் காட்டினா, "நீங்க சொன்னதை நம்பித்தானே வந்தேன்"னு சிரிக்கிறா.

சுவத்துல என் பேரை அழிக்க மனசு வரல. பெயிண்டர் மேல இருந்த சந்துல அவ பேரைச் சின்னதா நுழைச்சுட்டான். போஸ்டர்லயும் அப்படித்தான், நான் ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நிக்கிறேன், ஓரத்துல அவ ரேஷன் கார்டு போட்டோ. பிரச்சாரத்துக்குத் தெருத்தெருவா போனோம். மைக் என்கிட்ட. தொண்டை கட்டுற வரைக்கும் பேசினேன். மழைநீர் வடிகால், சொத்து வரி, பிரிவு, உட்பிரிவு எல்லாம் பேசினேன். இவ ஒரு வார்த்தை பேசல. ஒவ்வொரு வீட்டுலயும் பொம்பளைங்க இவ கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிடுவாங்க. கை டைட்டா இருக்குது, கழுத்து இறங்கிடுச்சுன்னு ஜாக்கெட்டைக் காட்டுறதுக்கு. நான் வெளிய மைக்கோட நிப்பேன். "சீக்கிரம் வாம்மா, நாம ஓட்டுக் கேக்க வந்திருக்கோம்"னு மைக்லயே கூப்பிடுவேன். அரைமணி கழிச்சு, வாயில எதையாவது மென்னுட்டு வருவா.

ஆனா ஜெயிச்சோம் தம்பி. நல்ல வித்தியாசத்துல. அன்னிக்கு என் கழுத்துல விழுந்த மாலையில இவ மூஞ்சி தெரியல. நான் பேசின பேச்சுக்கு அது நியாயமான ஓட்டுதான்.

பதவிப் பிரமாணத்துக்கு அவளுக்கு ஒரு வாரம் படிக்கச் சொல்லிக் குடுத்தேன். 'உளமார உறுதி கூறுகிறேன்'ல உளமாரன்னா என்னன்னு கேட்டா. சொன்னேன். மேயர் தேர்தல் எப்படி நடக்கும், கவுன்சிலருங்க எப்படி ஓட்டுப் போடணும், ரகசிய வாக்கெடுப்புன்னா என்ன, யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, கேக்கக் கூடாதுன்னு சட்டம் என்ன சொல்லுது, எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவ பிசிறில்லாம பிரமாணம் எடுத்தா. நான் பார்வையாளர் மாடத்துல உக்காந்து கூடவே வாயசைச்சேன். பக்கத்துல பாக்கறேன், வரிசையா நாலைஞ்சு ஆம்பளைங்க வாயசைக்கிறாங்க.

அந்த வெள்ளை வேன் உங்களுதா? தெரு முனையில ஏசியைப் போட்டுட்டே நிக்குதே. டிரைவரை இறங்கி நிழல்ல நிக்கச் சொல்லுங்க, பாவம்.

எங்க விட்டேன்? ஆங். மேயர் தேர்தல். எங்க பகுதியை விட்டுட்டுப் பாத்தா ரெண்டு அணியும் சமமா வந்து நிக்குது. எங்க பகுதியில ஏழு வார்டு, ஏழும் பெண்கள் வார்டு, ஏழையும் நம்ம அணி ஜெயிச்சிருக்குது. அந்த ஏழு ஓட்டு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் மேயர். எதிரணிக்காரன் சும்மா இருப்பானா? மேலிடத்துல இருந்து பரந்தாமனுக்கு உத்தரவு: உன் ஏழு கவுன்சிலரையும் ஓட்டுப் போடுற நாள் வரைக்கும் பத்திரமா ஒரு இடத்துல வை.

அவரும் வச்சாரு. எங்களை.

சிரிக்காதீங்க தம்பி. நீங்களா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க. காலையில போன் வந்துச்சு, "கவுன்சிலர், ரெடியா இருங்க, வேன் வருது." நான் ரெடியாயிட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் அப்படித்தான். வேன்ல ஏறிப் பாத்தா ஏழு புருஷனுங்க, ஏழு வெள்ளைச் சட்டை, ஏழு சென்ட் வாசனை. எங்களுக்கும் தோணல, பரந்தாமனுக்கும் தோணல, டிரைவருக்கும் தோணல. மேலிடத்துல இருந்து ஒருத்தர் வந்து தலையை எண்ணிப் பாத்துட்டு, ஏழு சரியா இருக்குதுன்னு போனாரு. அவருக்கும் தோணல.

கடற்கரையோரம், ஈசிஆர் ரோட்டுல ஒரு ரிசார்ட். கேட்டுல ஆறடிக்கு ஆளுங்க. உள்ள போனதும் போனை எல்லாம் ஒரு துணிப்பையில வாங்கிப் போட்டுட்டாங்க. எதிரணிக்காரன் பேசி மயக்கிடக் கூடாது இல்ல, அதுக்கு. வெளிய போகக் கூடாது. கடல் சத்தம் கேக்கும், கடல் தெரியாது. மூணு வேளையும் பிரியாணி. முதல் நாள் நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் ரசம் கேட்டோம். பிரியாணி அனுப்பினாங்க.

நீச்சல் குளம் ஒண்ணு. ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. மரியசூசைக்குத் தெரியும், ஆனா அவன் மீன்பிடிக்கிறவன், சொந்தமா படகு வச்சிருக்கிறான், அந்தத் தண்ணியைப் பாத்துட்டு "இதுல மீன் கூட மூச்சு விடாது"ன்னு காலை மட்டும் நனைச்சான். அவன் சம்சாரம் ஜெசிந்தா துறைமுகத்துப் பக்கம் வார்டு கவுன்சிலர். எங்க ஏழு பேருல அவன்தான் கொஞ்சம் வாய்க்காரன். "வேதாசலம் அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். நம்மளை எதுக்குப் பூட்டி வச்சிருக்காங்க? ஓட்டு என் பொண்டாட்டிகிட்ட இல்ல இருக்குது?"

நான் அவனுக்கு விளக்கினேன். "ஓட்டு அவங்ககிட்ட இருக்குது. முடிவு நம்மகிட்ட இருக்குது."

"அப்ப முடிவை எப்படி அண்ணே அவகிட்ட அனுப்புறது? அலை மேல எழுதியா?"

வாய்க்காரன்னு சொன்னேனில்ல.

பொழுது போகல. சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒரு மன்றக் கூட்டம் நடத்திப் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். குளத்தைச் சுத்தி ஏழு சேர். மரியசூசை மேயர், தலையில ஒரு டவலைக் கட்டிக்கிட்டான். ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு, "மாண்புமிகு மேயர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சோம். தம்பி, விளையாட்டாத்தான் ஆரம்பிச்சது. ஆனா நான் எழுந்து எங்க தெரு சாக்கடையைப் பத்திப் பேசினேன் பாருங்க. மழை பெஞ்சா எப்படி வீட்டுக்குள்ள வருது, எந்த இடத்துல குழாய் உடைஞ்சிருக்குது, எந்தப் பிரிவுல பணம் ஒதுக்கலாம். காகிதம் கிடையாது, ஒண்ணும் கிடையாது, மூச்சு விடாம பேசினேன். கேட்டுல நின்ன ஆளு கூட உள்ள வந்து நின்னு கேட்டான். முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. மரியசூசை "தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது"ன்னு ஒரு கரண்டியால சேர்ல தட்டினான்.

அதுக்கப்புறம் நான் நிஜ மன்றத்துல மாடத்துல உக்காந்து எவ்வளவோ கூட்டம் பாத்துட்டேன். அந்த மாதிரி ஒரு கூட்டம் நடந்ததில்ல.

தண்ணி இன்னும் வேணுமா? வெயில் ஏறுது.

ஓட்டுப் போடுற அன்னிக்குக் காலையில பரந்தாமன் வந்தாரு. குளிச்சு, பொட்டு வச்சு, புது வேட்டி. "எல்லாம் சரிதானே? வீட்டம்மாங்களுக்கு யாருக்குப் போடணும்னு சொல்லிட்டீங்க இல்ல?"

மரியசூசைதான் சொன்னான், "போனைக் குடுத்தாதானே தலைவரே சொல்றதுக்கு?"

பரந்தாமன் மூஞ்சியில அந்தப் பொட்டு மட்டும்தான் அசையாம இருந்துச்சு. போன் பை எங்கன்னு பாத்தா, மாவட்டச் செயலாளர் கார் டிக்கியில. கார் எங்கன்னு பாத்தா, மன்றத்து வாசல்ல. உடனே தன் போனை எடுத்தாரு, கவுன்சிலருங்க நம்பர் எல்லாம் அதுல இருக்குதே. ஒவ்வொண்ணா அடிக்கிறாரு. அடிக்குது, அடிக்குது, யாரும் எடுக்கல. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. அது எல்லாம் எங்க நம்பர். டிக்கிக்குள்ள அடிக்குது.

"சரி, வீட்டம்மா நம்பரைச் சொல்லுங்கய்யா, நான் அடிக்கிறேன்!"

அங்கதான் தம்பி. ஏழு பேரும் மாட்டிக்கிட்டோம். எனக்கு அவ நம்பர் தெரியாது. என் போன்ல அவளை 'வீடு'ன்னு போட்டு வச்சிருக்கேன். 'வீடு'ன்னு அழுத்தினா எடுப்பா. அதுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்குதுன்னு நான் பாத்ததே இல்ல. மத்தவங்களும் அப்படித்தான். மரியசூசை ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "என் படகு நம்பர் வேணா சொல்றேன் தலைவரே"ன்னான்.

பரந்தாமன் எங்களை வேன்ல அள்ளிப் போட்டுட்டுப் பறந்தாரு. ரோட்டுல ஒரே நெரிசல். அன்னிக்கு முகூர்த்த நாள் வேற. மண்டபம் மண்டபமா மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால ஊர்ந்து போனோம்.

நாங்க போய் இறங்குறோம், இவங்க ஏழு பேரும் மன்றத்துப் படியில இறங்கி வர்றாங்க. ஷேர் ஆட்டோவுல வந்திருக்காங்க. எல்லாரும் போட்டிருக்கிறது ஒரே மாதிரி தச்ச ஜாக்கெட்டு, எப்பத் தச்சாளோ தெரியாது. பிரமாணத்தன்னிக்குப் பாத்ததோட சரி, ஒருத்தரோட ஒருத்தர் பழகாதவங்க அந்த ஏழு பேரும். எங்க பழகினாங்கன்னா, போலீஸ் ஸ்டேஷன்ல. நாங்க வேன்ல போன அன்னிக்குச் சாயங்காலமே ஒவ்வொருத்தியா 'புருஷனைக் காணோம்'னு புகார் குடுக்கப் போயிருக்காங்க. அங்க இருந்தவங்க சிரிச்சிருக்காங்க. "கவுன்சிலரம்மா, உங்க வீட்டுக்காரருங்க எங்கயும் போகல, கட்சிக் கணக்குப்படி உங்களைத்தான் கடத்தியிருக்காங்க. வீட்டுக்குப் போங்க"ன்னு. இவங்க போகல. அங்கயே பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்காங்க. மறுநாளும் போய் உக்காந்திருக்காங்க. அந்தப் பெஞ்சுல என்னதான் பேசினாங்கன்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது. ஜாக்கெட்டு பத்தித்தான் இருக்கும்.

என்னைப் பாத்ததும் குமுதவல்லி கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

நான் எடுத்துட்டே போகல.

"இத்தனை நாளா போடலையா?" கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. எனக்கு அது ஏறல. நான் கேக்கறேன், "அது கிடக்கட்டும், யாருக்குப் போட்ட?"

கண்ணைத் துடைச்சுட்டு என்னையே பாத்தா. "ரகசிய வாக்கெடுப்புங்க அது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, யாரும் கேக்கக் கூடாதுன்னு?"

எதிரணிதான் ஜெயிச்சுது. ஏழு ஓட்டு வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. ரகசியம். நான் இன்னிய வரைக்கும் கேட்டுட்டு இருக்கேன். சாப்பிடுறப்போ கேப்பேன், துணி மடிக்கிறப்போ கேப்பேன். "குழம்பு ஊத்தட்டுமா?"ம்பா. அதுக்கப்புறம் எங்க தெரு சாக்கடையை எடுத்துக் கட்டினாங்க. தண்ணி லாரி நேரத்துக்கு வருது. அது எப்படியோ நடந்துச்சு, நான் ரிசார்ட்ல பேசினது யார் காதுலயாவது விழுந்திருக்கும்.

கட்சியில யாரையாவது நீக்கணும் இல்ல? நீக்கினாங்க. 'கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாலும்'னு ஆரம்பிச்சு, 'அடிப்படை உறுப்பினர் உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்'னு முடியுது. பேப்பர்ல படிச்சேன். அவளை நீக்கியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? அவளை எப்படி நீக்குவாங்க, அவகிட்ட ஓட்டு இருக்குது. என்னைத்தான் நீக்கினாங்க. முப்பது வருஷம் தம்பி. என் பசை வாளி இன்னும் மாடிப்படிக்குக் கீழ இருக்குது.

போன மாசம் பரந்தாமனைக் கல்யாண வீட்டுல பாத்தேன். பக்கத்து இலையில உக்காந்து, தலையைத் திருப்பாமலே சொன்னாரு, "தீர்மானம் வருது வேதாசலம். இந்தத் தடவை அந்த ஏழும் நம்ம பக்கம் வந்தா, உன்னை மறுபடியும் சேத்துக்கறதுக்கு நான் பொறுப்பு." பாயசம் வந்துச்சு. சந்தோஷத்துல மறுபடியும் கேட்டு வாங்கிக் குடிச்சேன்.

வீட்டுல வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். அதான் இந்தப் பூட்டு. "மறுபடியும் உங்களைத் தூக்கிட்டுப் போனா நான் எந்த ஸ்டேஷன்ல போய் உக்காருவேன்?"ங்கிறா. அவ சொல்றதும் சரிதான்னுதான், நானே பூட்டச் சொன்னேன். மரியசூசையை யாரும் பூட்டல. கூட்டம்னு கேள்விப்பட்டதும் அவனாவே கடலுக்குப் போயிட்டான்.

என்ன தம்பி, மறுபடியும் போன்? பேசுங்க, பேசுங்க. நான் காதைப் பொத்திக்கறேன்.

...

இப்ப யாரு, 'தலைவரே'ன்னீங்க? பரந்தாமனா?

அடடா. மொதல்லயே சொல்றதில்ல? மனுன்னு நினைச்சு எதிர்வீட்டுக்கெல்லாம் கத்திட்டேனே. வெள்ளைச் சட்டை, ஏசி வேன்... நைட் ஸ்கூல் படிச்சும் புத்தி வேலை செய்யல பாருங்க. இருங்க, இருங்க. பை ரெடியா இருக்குது. இந்தா, கதவுக்குப் பின்னாலதான் வச்சிருக்கேன். ரெண்டு லுங்கி, டவல், பிரஷர் மாத்திரை. இந்தத் தடவை மாத்திரை எடுத்து வச்சிருக்கேன். பூட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. மாடியில ஏறினா பக்கத்து வீட்டு மொட்டை மாடி, அங்க இருந்து இறங்கிடலாம். முட்டிதான் கொஞ்சம் வலிக்கும். நீங்க வேனை அந்தப் பக்கச் சந்துல கொண்டாந்து நிறுத்துங்க.

என்ன?

அம்மாவையா?

இல்ல தம்பி, உங்களுக்குச் சரியாச் சொல்லியிருக்க மாட்டாங்க. கவுன்சிலர்னா நான்தான்னு பரந்தாமனுக்குத் தெரியும். திரும்ப ஒருதரம் போன் போட்டுக் கேளுங்க. வேதாசலம் ரெடியா இருக்கிறாருன்னு சொல்லுங்க... கேட்டாச்சா? என்ன சொன்னாரு?

'ஐயா வேணாம்.'

அப்படியேவா சொன்னாரு?

சரி. இல்ல, ஒண்ணும் இல்ல. பையை வச்சிட்டு வர்றேன்.

அவ எங்கயா? இப்ப எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும். அவங்க ஏழு பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க, யார் வீட்டுலன்னும் தெரியும். கூட்டத்துக்கு முன்னாடியே பிடிச்சுடணும், ம். பிடிச்சு? அதே ரிசார்ட்டா? அதே துணிப்பையா? போனை வாங்கிப் போட்டுடுவீங்க, இல்ல? கேட்டுல அதே ஆளுங்களா?

நான் ஒரு வார்த்தை சொன்னா கட்சியில சேத்துக்குவாங்கன்னு தலைவர் சொல்லச் சொன்னாரா? அடிப்படை உறுப்பினரா, இல்ல வட்டச் செயலாளராவேவா? வட்டச் செயலாளராவே. ம்.

நம்பரா? இருக்குது. போனைப் பாக்கவே வேணாம், எனக்கு மனப்பாடம். அந்த ரிசார்ட்டுல இருந்து வந்த அன்னிக்கே மனப்பாடம் பண்ணேன். குளிக்கிறப்போ சொல்லிப் பாப்பேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலைகீழாக் கூடச் சொல்வேன். எழுதுறதுக்குப் பேனா எடுத்துட்டீங்களா?

உள்ள வச்சிடுங்க.

அவளுக்கு அந்தப் பிரியாணி ஒத்துக்காது தம்பி. அவ்வளவுதான் விஷயம். கடல் தெரியாத இடத்துல கடல் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்தா அவளுக்குத் தலை வலிக்கும். அவ எங்க இருக்கான்னா கேக்கறீங்க? அது ரகசியம். யாரும் கேக்கக் கூடாது. சட்டத்துல இருக்குது, எந்தப் பிரிவுன்னு வேணா சொல்றேன், எழுதிக்கங்க.

கோவிச்சுக்காதீங்க. தலைவரைக் கேட்டதாச் சொல்லுங்க. பாத்துப் போங்க, அந்த மூலையில புதுசா சாக்கடை மூடி போட்டிருக்காங்க, கொஞ்சம் மேடு.

ஏ பாக்கியம், நீ உக்காரு! ஒண்ணும் இல்ல, போறாரு! சாவியை எடுக்காத, தீப்பிடிக்கல!

தம்பி! தம்பி, ஒரு நிமிஷம். சேரைத் தள்ளிட்டீங்க பாருங்க, எழுந்திருக்கிறப்போ. அதைக் கொஞ்சம் கிரில்கிட்ட இழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. எனக்குக் கை எட்டாது. இன்னும் யாராவது வருவாங்க, கவுன்சிலரைப் பாக்க.